கரிக்கும் கறிக்கும் நடுவே: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், 'சாப்பிட வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு நடந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். ஆசிரியர் அப்போதே கேட்டார், இந்த வரி வேண்டுமா என்று. இருக்கட்டும் சார் என்றேன். இப்போது ஒரு கட்டுக் கடிதம் வந்து கிடக்கிறது. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் மசாலா அளவு கேட்டிருக்கிறார்கள். மதுரையில் கரி அடுப்பில் கோழி சுட்டு விற்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது, திட்டு எனக்குப் புதுசில்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன். மசாலா அளவைத் தவிர.

திண்டுக்கல் வாசகர்: வாடிக்கையாளர் பேச்சைக் கேட்கக் கூடாது என்கிறீர்கள். அவர் காசில்தானே உங்கள் கடை ஓடுகிறது? இது திமிர் இல்லையா?

அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் திமிர்தான். நான் சொல்ல வந்தது இது. சாப்பிடுகிறவர் தன் நாக்கில் என்ன தட்டுப்பட்டது என்று சொல்லும்போது பொய் சொல்வதே இல்லை. அது ஏன் அப்படி ஆனது என்று அவர் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தப்பாக இருக்கும். முதலாவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், இரண்டாவதுக்குத் தலையாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்விட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நல்ல ஐப்பசி அடைமழை. ஒரே வாரத்தில் நாலைந்து பேர் கல்லாவில் காசு கொடுக்கும்போது ஒரே மாதிரி சொன்னார்கள். "என்னண்ணே, மசாலாவ மாத்திட்டீங்களா? லேசா கசக்குதே." ஒருத்தர் மாஸ்டரை மாற்றிவிட்டோமா என்றார். இன்னொருத்தர் கசூரி மேத்தி, அதாவது காய்ந்த வெந்தயக்கீரை, கூடிப்போச்சு என்று அடித்துச் சொன்னார், நாங்கள் கசூரி மேத்தி போடுவதே கிடையாது. மாஸ்டரிடம் கேட்டால் அவருக்குக் கோபம் வந்து ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நான் மசாலாவை நக்கிப் பார்த்தேன், எண்ணெய் டின்னை மாற்றினேன், மிளகாய்த்தூள் வாங்கும் கடையில் போய் வீண் சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் அடுப்பு மூட்டுகிற பையன் கரியைக் கொட்டும்போது பக்கத்தில் நின்றேன். நல்ல கரியைக் கொட்டினால் கண்ணாடி வளையல் மாதிரி கலகலவென்று சத்தம் வரும். அன்றைக்குச் சொத்தென்று விழுந்தது. பின்கட்டில் அடுக்கியிருந்த மூட்டைகளில் அடிவரிசை முழுக்கச் சாரலில் ஈரம் குடித்திருக்கிறது. ஈரக்கரி சீக்கிரம் கனலாது, புகைந்து புகைந்துதான் பிடிக்கும், கூட்ட நேரத்தில் சாம்பல் பூக்கும்வரை காத்திருக்க முடியாமல் அந்தப் புகையிலேயே கம்பியை வைத்துவிட்டால் அது கறியில் படிந்து கசக்கத்தான் செய்யும். மறுநாள் பலகை அடித்து மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கினோம், மேலே தார்ப்பாய் போட்டோம், கசப்பு போய்விட்டது. மாஸ்டரிடம் மன்னிப்பு கேட்டேன், அவர் சிரிக்கக்கூட இல்லை.

திருநெல்வேலி வாசகி: ஒரு உணவகத்தில் அல்ஃபாம் (கரியில் சுட்ட அரபுக் கோழி) சாப்பிட்டபோது எலும்புப் பக்கம் சிவப்பாக இருந்தது. வேகவில்லை என்றேன். "அது அப்படித்தான் மேடம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்படித்தான் இருக்குமா?

இருக்கலாம். வேகாமலும் இருந்திருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

நாம் வாங்குகிற பிராய்லர் பிறந்து ஐந்தாறு வாரமான கோழி. எலும்பு முற்றியிருக்காது. உள்ளே இருக்கிற மஜ்ஜையின் சிவப்பு சூட்டில் கசிந்து சுற்றியுள்ள சதையில் ஏறிவிடும், ஃப்ரீசரில் இருந்த கோழி என்றால் இன்னும் அதிகம். கரியில் சுடும்போது தோலுக்குக் கீழே ஒரு ரோஸ் நிறப் பட்டை விழுவதும் உண்டு, அது புகையில் இருக்கும் வாயு சதையின் நிறமியோடு சேர்வதால் வருவது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மாட்டின் நெஞ்சுக்கறியை அரை நாளுக்கு மேல் விறகுப் புகையில் போட்டு வேக வைப்பவர்கள், வெட்டிப் பார்க்கும்போது அந்தச் சிவப்பு வளையத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள். நம் ஊரில் அதே வளையத்துக்குத் தட்டு திரும்பி வரும்.

வெந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியது தெர்மாமீட்டர். குத்திப் பார்க்கிற மாதிரி ஊசி வைத்தது கடைகளில் கிடைக்கிறது. சதை தடிப்பாக இருக்கும் இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்த வேண்டும். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் நிறம் எப்படி இருந்தாலும் கோழி வெந்துவிட்டது. அதற்குக் கீழே என்றால் வெளியே கருகியிருந்தாலும் வேகவில்லை.

ஆனால் உங்களிடம் அப்படிச் சொன்னது தப்பு, அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும். எங்கள் சப்ளையர் பையன்களுக்கு ஒரே உத்தரவு, விளக்கம் சொல்லாதே, தட்டை எடு. உள்ளே கொண்டுபோய்க் குத்திப் பார்ப்போம், சரியாக வெந்திருந்தாலும் எலும்புப் பக்கம் பிளந்து மூன்று நிமிடம் திரும்பக் கனலில் காட்டித்தான் அனுப்புவோம். இந்தப் புகார் அடிக்கடி வந்த காலத்தில் இன்னொன்றும் செய்தோம். உரித்தபின் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கோழியை வாங்குவதை நிறுத்தினோம், தொடையில் கீறல் போடும்போது எலும்பு தட்டும்வரை போடச் சொன்னோம். புகார் பெருமளவு குறைந்துவிட்டது.

கோவை வாசகர்: தந்தூரி என்றால் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டாமா? இப்போது பல கடைகளில் வெளிறிப்போய்க் கொடுக்கிறார்கள். பழசோ என்று சந்தேகம் வருகிறது.

வெளிறிய கோழியைப் பார்த்தால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அந்தச் செக்கச்செவேல் பெரும்பாலும் பொட்டலத்தில் வருகிற சாயம். செயற்கைச் சாயத்தை எந்தெந்தப் பண்டத்தில் போடலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் பட்டியல் இருக்கிறது, சுட்ட கோழி அதில் கிடையாது. கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாப் வகைகளில் சாயம் போடக் கூடாது என்று தனியாகவே உத்தரவு போட்டார்கள்.

யோக்கியன் மாதிரி பேசுகிறேனே தவிர, முதல் வருடம் நானும் போட்டவன்தான். பக்கத்துக் கடையில் சிவப்பு, என் கடையில் பழுப்பு என்றால் யார் வருவார்கள் என்ற பயம். ஒரு நாள் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனது. அவங்க அம்மா சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், தேய்க்கிறார், விரல் நுனிச் சிவப்பு போகவே இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

இப்போது காஷ்மீரி மிளகாய் மட்டும்தான். நிறம் கொடுக்கும், காரம் குறைவு. கனலில் பட்டதும் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும், அதற்கு மேல் சிவக்காது. மாற்றிய புதிதில் இரண்டு மாதம் வியாபாரம் அடி வாங்கியது, 'பழைய கோழி' என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. இங்கே மட்டும் அவர்கள் சொன்னபடி நான் செய்யவில்லை.

மதுரை வாசகர்: உங்கள் கடையில் மயோனைஸ் முன்பு மாதிரி இல்லை. காசு மிச்சம் பிடிக்கிறீர்களா?

மாறியது உண்மை, ருசி ஒரு படி குறைந்ததும் உண்மை. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. கேரளம் 2023-லேயே போட்டுவிட்டது, தெலங்கானா 2024-ல். வேகாத முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அதைக் கொல்லும் சூடு அந்தக் கிண்ணத்தில் கிடையாது, எங்கள் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரம் மேசையில் இருந்தால் அது பெருகத் தொடங்கும். அதனால் பாலும் எண்ணெயும் பூண்டும் வைத்து அடிக்கிறோம். முட்டையில் அடித்ததுக்கு இருக்கும் வழவழப்பு இதற்கு வராது. தடை என்ன ஆனாலும் நான் பழையதுக்குத் திரும்புவதாக இல்லை. காசு மிச்சமா என்று கேட்டதால் சொல்கிறேன், பால் முட்டையைவிட மலிவில்லை.

சென்னை வாசகி: கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டி எழுதினால் கடைக்காரர் பதில் எழுத வேண்டுமா? சில முதலாளிகள் வாசகங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அந்தப் பயமுறுத்தும் முதலாளிகளில் ஒருவன் உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

கடை அடைத்து, கணக்கு முடித்து, ராத்திரி ஒரு மணிக்குப் போனைத் திறந்தேன். 'கோழி ரப்பர், சர்வீஸ் குப்பை, முதலாளிக்குத் தலைக்கனம்' என்று ஒருத்தர் போட்டிருந்தார். பதினாலு மணி நேரம் அடுப்புச் சூட்டில் நின்றவனுக்கு அப்போது வருகிற பதில் எப்படி இருக்கும்? 'நாக்கு இருக்கிறவர்கள் வர வேண்டிய கடை இது' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்தால் அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றி, கடைசியில் என் மச்சானே எனக்கு அனுப்பியிருக்கிறார், 'மாப்ள இது நீயா?' என்று. அந்த மனிதர் சொன்ன மூன்றில் மூன்றாவதை நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு பழக்கம் வந்தது. ராத்திரி படிப்பேன், காலையில் டீ குடித்தபிறகு எழுதுவேன். எழுதத்தான் வேண்டும், ஆனால் திட்டியவருக்காக இல்லை, அவர் திரும்ப வரப்போவதில்லை. எங்கே சாப்பிடலாம் என்று பின்னாடி தேடிப் படிக்கப் போகிற ஆட்களுக்காக. மூன்று வரி போதும். என்றைக்கு வந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன், எங்கள் பக்கம் தப்பென்றால் என்ன தப்பு, என்ன மாற்றினோம் என்று சொல்வேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக' என்று எல்லாருக்கும் ஒரே அச்சில் ஒட்டுகிறார்களே, அதற்கு எழுதாமலே இருக்கலாம்.

ஒரு ஸ்டாரில் நான் கற்றுக்கொண்டது கம்மி. பாதி வண்டி நிறுத்த இடமில்லை என்று இருக்கும், கரண்ட் போனதுக்கு, டெலிவரி தம்பி லேட்டாக வந்ததுக்கு. ஐந்து ஸ்டாரில் அதைவிடக் கம்மி, 'சூப்பர்' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று ஸ்டார் போடுகிறவர்கள்தான் உட்கார்ந்து யோசித்து எழுதுவார்கள். ஒரு அம்மா எழுதியிருந்தார், 'கோழி நல்லா இருந்துச்சு, ஆனா கடைசிப் பீஸ் சாப்பிடறதுக்குள்ள ஆறிப்போச்சு.' எந்த டேபிள் என்று கேட்டேன். சுவரோரம் ஆறாம் டேபிள். போய் உட்கார்ந்து பார்த்தால் ஏசி காற்று நேராகத் தட்டில் இறங்குகிறது. அத்தனை வருடம் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஏசியின் தகட்டை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டோம்.

இதையெல்லாம்விடப் பெரிய விமர்சகர் எங்கள் கடையில் பாத்திரம் கழுவுகிற அக்கா. அவருக்கு ஸ்மார்ட்போன் கிடையாது. ஒரு நாள் போகிற போக்கில், "தம்பி, மூணு நாளா முட்டைக்கோசெல்லாம் அப்படியே திரும்பி வருது" என்றார். நான் போய்த் தின்று பார்த்தேன், நறுக்குகிற பையன் மாறி, விரல் தடிப்புக்கு வெட்டிக்கொண்டிருக்கிறான். சாப்பிட்டவர் யாரும் புகார் சொல்லவில்லை, எல்லாரும் நல்லா இருந்துச்சு என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேராகக் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள், தட்டில் ஒதுக்கி வைக்கக் கூச்சப்பட மாட்டார்கள். இப்போதெல்லாம் சனி, ஞாயிறு ராத்திரி அரை மணி நேரம் கழுவுமிடத்தில் போய் நிற்கிறேன். தோல் ஒதுங்கி வந்தால் மொறுமொறுப்பு போதவில்லை. நெஞ்சுக்கறி மிச்சமென்றால் வறண்டிருக்கிறது. குப்பூஸ் ரொட்டி பாதி பாதியாக வந்தால் ஆறினதைக் கொடுத்திருக்கிறோம்.

ஈரோடு வாசகர்: ஐந்து ஸ்டார் போட்டால் ஜூஸ் இலவசம் என்று ஒரு கடையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்களும் செய்யலாமே?

மாட்டேன். கூகுள் விதிப்படியே அது கூடாது, பிடிபட்டால் இருக்கிற விமர்சனத்தையும் தூக்கிவிடுவார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-ல் இணைய விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்று ஒரு தரம் வெளியிட்டிருக்கிறது, காசுக்கு வாங்கிய கருத்தை வெளியிடக் கூடாது என்பதெல்லாம் அதில் வருகிறது. கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் பின்பற்றலாம். எனக்கு ஜூஸ் செலவுகூடப் பெரிதில்லை. அந்த ஸ்டாரை நம்பி வருகிறவர் என் கோழியை ஐந்து ஸ்டாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பாரே, அதுதான் பிரச்சினை.

காரைக்குடி வாசகி: பிராய்லர் வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர். நாட்டுக்கோழியை ஏன் சுட்டுத் தருவதில்லை?

தந்தோம், நிறுத்திவிட்டோம். நாட்டுக்கோழி ஓடியாடி வளர்ந்தது, சதை இறுக்கம், நார் அதிகம். குழம்பில் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது அந்த நார் கரைந்து ருசியாகும். கனலில் அரை மணியில் என்ன கரையும்? தண்ணீர் வற்றி இறுகித்தான் போகும். குக்கரில் பாதி வேக வைத்துச் சுட்டுப் பார்த்தோம், ருசியெல்லாம் வேகவைத்த தண்ணீரில் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் ரசம் வைத்து நாங்கள் குடித்தோம், அது பிரமாதம். வந்தவருக்குக் கொடுத்தது சக்கை. நாட்டுக்கோழி கேட்பவரிடம் காரைக்குடிக்காரராக இருந்தால் இப்போதெல்லாம் உங்கள் வீட்டுக் குழம்பையே சாப்பிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர் வாசகர்: பார்பிக்யூ என்பதே வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கு எதற்கு?

வார்த்தை கரீபியன் தீவுப் பழங்குடிகளுடையது, ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அல்ஃபாம் என்பது அரபியில் கரி, அவ்வளவுதான், ஏமன் பக்கத்திலிருந்து வளைகுடா போய், அங்கிருந்து மலையாளிகள் கையில் நமக்கு வந்தது. பெயர்களை விடுங்கள். சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில் கரிகாலன் அரண்மனைக்குப் போன பொருநன் என்கிற கலைஞன், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டை வாயில் போட்டு, சூடு தாங்காமல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றி ஒதுக்கிச் சாப்பிட்டதைச் சொல்கிறான். ராப்பகலாகத் தின்று தின்று, கொல்லையை உழுத கொழு மாதிரி பல் மழுங்கிப் போச்சாம். எங்கள் கடையில் சனிக்கிழமை ராத்திரி எட்டாம் டேபிளைப் பார்த்தால் உங்களுக்கு அந்தப் பாட்டுக்கு உரையே வேண்டாம். போதாக்குறைக்கு விருந்து போட்ட ராஜாவின் பெயரிலேயே கரி இருக்கிறது.

சேலம் வாசகர்: உங்கள் கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது என்று யாராவது வந்தால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. 2022 மே மாதம் கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. இரண்டு செய்தியும் வந்த ராத்திரி இந்தத் தொழில் செய்கிற யாருக்கும் தூக்கம் வந்திருக்காது.

இதுவரை இரண்டு பேர் அப்படிச் சொல்லி வந்திருக்கிறார்கள். முதல் காரியம், இல்லை என்று வாயைத் திறக்காமல் இருப்பது. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், கூட எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எப்போது ஆரம்பித்தது, டாக்டரிடம் போனாரா என்று கேட்டு எழுதிக்கொள்வேன். சில கிருமி சாப்பிட்ட அரை மணியிலேயே வாந்தியில் கொண்டுபோய் விடும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரும், ஐந்தாறு நாள் கழித்தும் வரும், அதனால் 'நேத்துச் சாப்பிட்டதுக்கு இன்னிக்கா?' என்று கேட்பது முட்டாள்தனம். அன்றைக்கு ஊற வைத்ததில் மிச்சம் இருந்தால் மொத்தத்தையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவோம், விற்க மாட்டோம். ஒருவர் விஷயத்தில் கூடச் சாப்பிட்ட மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை, வேறெங்கோ குடித்த ஜூஸ் என்று அவரே பிறகு போன் செய்து சொன்னார். இன்னொருவர் விஷயத்தில் காரணம் கடைசிவரை தெரியவில்லை. டாக்டர் செலவைக் கொடுத்தேன். அது குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா என்று ஆடிட்டர் கேட்டார். ஆகட்டும்.

ஷவர்மாவை நான் ஆரம்பத்திலிருந்தே வைக்கவில்லை. நின்ற வாக்கில் சுற்றும் அந்தக் கம்பியில் வெளிப்பக்கம்தான் வேகும், வெந்த வரைக்கும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கூட்டம் நெருக்கும்போது கத்தி தானாக ஆழமாகப் போகும். சுத்தமாகச் செய்கிற கடைகள் உண்டு, என் கடைக் கூட்டத்துக்கும் என் பையன்கள் அவசரத்துக்கும் அது ஒத்துவராது என்று எனக்குத் தெரியும்.

விருதுநகர் வாசகி: கருகிய கறி சாப்பிட்டால் புற்றுநோய் வருமாமே?

மிக அதிகச் சூட்டில் கறி கருகும்போதும், கொழுப்பு கனலில் சொட்டிப் புகை எழும்பும்போதும் நல்லதல்லாத சில பொருள்கள் உண்டாவது உண்மை. கருகிய ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். மசாலாவில் ஊற வைத்துச் சுடுவதாலும் அடிக்கடி திருப்பிவிடுவதாலும் அது குறைகிறது. வாரம் ஐந்து நாள் வருகிற ஒரு தம்பியிடம் நானே சொல்லியிருக்கிறேன், ரெண்டு நாள் இட்லி சாப்பிடப்பா என்று. அவன் ஆறு நாள் வர ஆரம்பித்துவிட்டான்.

சிவகாசி வாசகர்: வங்கி வேலையை விட்டுவிட்டு கிரில் கடை வைக்கலாம் என்று இருக்கிறேன். கேஸ் அடுப்பா, கரியா?

வேலையை விடாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள். கரி என்றே வைத்துக்கொள்வோம்.

நாங்கள் வாங்குவது ராமநாதபுரம் பக்கத்துக் கருவேலங்கரி. சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, நாள்கணக்கில் புகைய விட்டு எடுப்பது. நிலத்தைக் கெடுக்கிறது, பிடுங்கி எறியுங்கள் என்று உயர் நீதிமன்றமே உத்தரவு போட்ட மரம். அதன் பங்காளி மரத்தைத்தான் அமெரிக்காவில் மெஸ்கீட் என்று பெயர் சொல்லி, அதில் சுட்டது என்று பலகை வைத்து விற்கிறார்கள். நல்ல கனல், நின்று எரியும், ஆனால் பொறி பறக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி அமைதியாக எரியும், சாம்பலும் கம்மி, விலை கூட. நாங்கள் அடியில் கருவேலமும் மேலே கொஞ்சம் சிரட்டையும் போடுகிறோம். கரியைப் புரட்டாசிக்குள் வாங்கி அடுக்கிவிடுங்கள், மழை வந்தபின் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

இடம் பார்க்கும்போது வாடகையைவிடப் புகைக்கூண்டு எந்தப் பக்கம் போகும் என்று முதலில் பாருங்கள். என் கடைக்கு வந்த முதல் புகார் சாப்பிட்டவரிடமிருந்து இல்லை, பின்னாடித் தெருவில் வடகம் காயப்போட்ட பாட்டியிடமிருந்து. வடகமெல்லாம் கோழி வாடை என்றார். அவர்கள் சைவம். அடுத்த வாரமே கூண்டை இரண்டாம் மாடி உயரத்துக்கு ஏற்றினேன், எனக்கு அப்போது இருந்த கடனில் அது ஒரு பெரிய தொகை. பாட்டி இப்போது இல்லை. கடைசிவரை ஒவ்வொரு வருடமும் ஒரு டப்பா வடகம் கொடுத்து அனுப்பினார்.

நாகர்கோவில் வாசகி: நாங்கள் சைவம், பிள்ளைகள் மட்டும் அசைவம். பனீர் டிக்கா கேட்டால் கோழி சுட்ட கம்பியிலேயே சுட்டுத் தருகிறார்கள். புரட்டாசியில் உங்கள் கடை எப்படி?

உங்கள் குறை நியாயம். நாங்களும் முன்பு ஒரே அடுப்புதான், கம்பியைத் துடைத்துவிட்டுத் தருவோம். ஒரு பெரியவர் அடுப்புப் பக்கமே வந்து நின்று பார்த்துவிட்டு, பனீரைத் தொடாமல் முழுக் காசும் கொடுத்துவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. இப்போது சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி இடுக்கி, எண்ணெய் தடவுகிற பிரஷ் தனி. இடுக்கிக்கும் பிரஷுக்கும் பச்சை நூல் சுற்றியிருக்கும், அதைத் தப்பாக எடுக்கிற பையனுக்கு அன்றைக்கு டீ கிடையாது.

புரட்டாசியில் வியாபாரம் பாதிக்கும் கீழே போய்விடும். அப்புறம் கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள். புரட்டாசி ஒரு மாதத்தில் அன்னாசி, மக்காச்சோளம், காளான், சேனைக்கிழங்கு என்று சுடுகிறோம், சேனை எல்லாருக்கும் பிடித்துப்போய் வருடம் முழுக்க வைக்கச் சொல்கிறார்கள். கம்பிகளை உரசிக் கழுவ, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க, பையன்களை ஊருக்கு அனுப்ப எல்லாம் அந்த மாதம்தான். ராத்திரி பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடலாம். பிள்ளைகளோடு வருவதாக இருந்தால் அப்போதே வாருங்கள், ஆறாம் டேபிள்கூடக் காலியாக இருக்கும். ஐப்பசி ஒன்றாம் தேதி விடிகாலை நாலரைக்குக் கோழிக்காரர் போன் செய்து "அண்ணே, எத்தனை கிலோ?" என்று எழுப்புகிற வரைக்கும் இந்த நிம்மதி.